சூலூர் தாண்டினால் டீசல்

பாமாயில்தான் பழனியாத்தாவைக் கொன்றது என்று சிங்காநல்லூரில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் கடை வாசலில் நின்று சொன்னால் மட்டும் நான் விடமாட்டேன். அப்படிச் சொன்ன ஒருவரின் கையிலிருந்து ஃபேன் பெல்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வேறு கடையில் போய் வாங்கிக்கொள்ளும்படி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரி உம்மல் குல்சும், "வர்றவங்ககிட்டயெல்லாம் சண்டைக்குப் போனா வியாபாரம் எப்படிங்க ஆகும்?" என்பாள். ஆகாவிட்டால் போகட்டும். ஒரு நல்ல பொம்பளையின் பேரைக் கெடுத்து நான் பெல்ட் விற்க வேண்டியதில்லை.

திருச்சி ரோட்டில் எனக்கு வண்டி உதிரிபாகக் கடை. டீசல் ஃபில்டர், நாசில், பெல்ட், பேரிங் எல்லாம் கிடைக்கும். அப்துல் முத்தலிப் என்று போர்டில் எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் பாய் கடைதான். பழனியாத்தாவின் வீட்டுக்காரர் லட்சுமணசாமி பழைய மேட்டடார் வேன் ஒன்றை வாங்கிய கையோடு என் கடைக்கு வந்தார். அதற்கு முன் மில்லில் வேலை. மில் மூடிய பிறகு கூட வேலை பார்த்தவர்கள் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இவரும் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வரவேண்டியதை வாங்கிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார். பந்தலில் இருந்தவர்கள் அவரைத் துரோகி என்றார்கள். பிறகு அவர்களே வீடு மாற்றும்போது சாமான் ஏற்ற அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் போனார். நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன்.

சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் மூட்டை, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பம்பு வார்ப்படம் என்று எந்த லோடு கிடைத்தாலும் ஓட்டினார். பழனியாத்தாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டிக் கடை. சாயங்காலம் ஆனால் போண்டா, பஜ்ஜி, பருப்பு வடை. வண்டியில் ஒரு சிலேட்டு தொங்கும். 'சுத்தமான கடலெண்ணெய்' என்று மகள் செவ்வந்தியை விட்டு எழுத வைத்தது. மழை பெய்து எழுத்து அழிந்தால் அன்றைக்கே திரும்ப எழுதியாக வேண்டும். நோன்புக் காலத்தில் என் வீட்டுக்கும் அங்கேயிருந்துதான் பஜ்ஜி வரும். காசை நீட்டினால், "நோம்புக்குப் போறதுக்கு எதுக்குங் பாய் காசு" என்று அவர் பாட்டுக்கு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்.

வளைகுடாவில் சண்டை நடந்த சமயம் டீசலுக்குப் பெரிய பாடு. பங்கில் வண்டிகள் வரிசையில் நிற்கும், பாதி வரிசை நகர்வதற்குள் இருப்பு இல்லை என்று கயிறு கட்டிவிடுவார்கள். லட்சுமணசாமியின் மாமா காங்கேயம் பக்கம் கிணற்று ஆயில் இஞ்சினைப் புங்கெண்ணெய் ஊற்றி ஓட்டியவர். அந்த ஞாபகத்தில் இவர் புங்கெண்ணெய் தேடிச் செக்குச் செக்காக அலைந்தார். கோயில் விளக்குக்குப் போக மீதி கிடைப்பதே அரிதாக இருந்தது. ஒரு நாள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தவர், பழனியாத்தா பொரித்து மிச்சமான எண்ணெயைச் சாக்கடையோரம் கொட்டப் போவதைப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தினாராம்.

"கொட்டாத அம்மணி. அதை இப்படிக் குடு."

"இதை வெச்சு என்னுங்க பண்றது? வேன் மூஞ்சிக்குத் தேச்சுக் குளிக்க வெக்கப் போறீங்களா?"

"குடிக்க வெக்கப் போறேன்."

என்னிடம் வந்து சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். கிணற்று இஞ்சின் எருமை மாதிரி, எதைக் கொடுத்தாலும் குடிக்கும். வேன் இஞ்சினுக்கு நாசில் இருக்கிறது, பம்பு இருக்கிறது, ஒரு துரும்பு போனால் தொண்டை அடைத்துவிடும். சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, அவர் இஷ்டத்துக்குத்தான் செய்தார். பேரலில் ஊற்றி வெயிலில் வைத்து மண்டி அடியில் தங்கிய பிறகு, பழனியாத்தாவின் பழைய நூல் சேலையை மடித்து மடித்து அதில் வடிகட்டினார். அந்த எண்ணெய்க்கென்று தனியாக ஒரு சின்ன டேங்கை வேனில் பொருத்தினார். டீசலா, எண்ணெயா என்று மாற்றிவிட இடது பக்க சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில் ஒரு வால்வு. வண்டியைக் கிளப்புவது டீசலில். இஞ்சின் நன்றாகச் சூடானதும் குனிந்து வால்வை எண்ணெய்க்குத் திருப்புவார். ஊர் நெருங்கியதும் திரும்ப டீசலுக்கு மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் குழாயிலும் பம்பிலும் இருக்கிற எண்ணெய் எரிந்து தீர்ந்து, ராத்திரி டீசல் மட்டும் தங்கும். அப்படி மாற்றாமல் நிறுத்தினால் எண்ணெய் குழாயிலேயே ஆறிக் கெட்டியாகிவிடும், மறுநாள் காலையில் வண்டி எழுந்திருக்காது. இந்த ஒரு விஷயத்தில் அவர் தவறி நான் பார்த்ததில்லை.

வேன் போகிற இடமெல்லாம் போண்டா வாசனை. சிங்காநல்லூரில் அதற்கு போண்டா வண்டி என்றே பேர். நாய்கள் பின்னாலேயே ஓடும். சூலூரில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தி, வண்டிக்குள் யார் அடுப்புப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று தேடியிருக்கிறார். "நான் பாடுபட்டுச் சுடறேன், உங்க வண்டி பேர் வாங்குது" என்று பழனியாத்தா சொல்வார். ஆனால் அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வேன் லோடு ஏற்றித் திரும்பும்போது கடைமுன் நின்று ஒரு ஹாரன் அடிக்கும். கரண்டியைத் தூக்கிக் காட்டுவார். கட்டிய நாளிலிருந்து அவர் தனியாகப் பாடு, இவர் தனியாகப் பாடு என்று இருந்தவர்களுக்கு, அந்த எண்ணெய் வந்த பிறகு இரண்டும் ஒரே பாடாக ஆகிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். இப்படிப்பட்ட புருஷன் பெண்டாட்டி அபூர்வம்.

தொண்ணூற்று ஆறாம் வருஷம் மழை முடிந்து குளிர் தொடங்கியபோது லட்சுமணசாமி அடைத்துப்போன ஃபில்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக மெழுகு போல ஒன்று அப்பியிருந்தது. கடலெண்ணெய் அப்படி உறையாது. ரேஷனில் போடுகிற பாமாயில்தான் குளிர் வந்தால் டப்பாவிலேயே இப்படி உறைந்து நிற்கும்.

"இது பாமாயிலுங்க" என்றேன்.

"தெரியுமுங் பாய்" என்றார் மெதுவாக. "காலைல பேரலைத் தொறந்தா அடில வெள்ளையா நிக்குது. கடலெண்ணெய் வெலைக்கு அவ என்ன பண்ணுவா? கொஞ்சம் கலக்கறா. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிட்டிருக்கறா."

"கேக்கலையா?"

"கேட்டா அந்த சிலேட்டைப் பாத்துப் பாத்து அழுவா. நீங்களும் வெளிய சொல்லிப்போடாதீங்க. நான் வால்வைக் கொஞ்சம் முன்னாலயே திருப்பிக்கறேன். முந்தி ஒண்டிப்புதூர் வந்துதான் திருப்புவேன். இனிமே சூலூர் தாண்டுனதுமே டீசலுக்கு மாத்திப்போட்டாச் செரியாப் போச்சு."

அதோடு பேச்சு முடிந்தது. பெண்டாட்டி மறைக்கிற ஒன்றைத் தெரியாத மாதிரி காப்பாற்ற ஒரு மனுஷன் தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மார்கழியில் செவ்வந்திக்கு மாசம் நெருங்கியிருந்தது. அவளைப் பெருந்துறையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெட்ஷீட் லோடுக்காகச் சென்னிமலைக்கு வேன் போன ஒரு நாள், மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று பழனியாத்தாவும் கூடப் போனார். கீழே இவர் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்க, அவர் படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தார். இறங்கி வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ அடைச்சாப்பல இருக்குதுங்க, சோடா வாங்கித் தாங்க" என்றிருக்கிறார். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் சரியாகிவிட்டது. வாயுப் பிடிப்பு என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் லோடு எதுவும் இல்லை. மூட்டைகளைக் கொண்டுபோய்க் கடையில் போட்டாலே போதும், மதியம் போனாலும் ஆகும். அன்றைக்குச் சாயங்காலம் கடை போட முடியாததால் பழனியாத்தாவுக்கு வருஷத்தில் எப்போதாவது கிடைக்கிற ஓய்வு அது. இடது சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் சுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுச் சந்துக்குள் செல்ஃப் இழுக்கிற சத்தம். இழுக்க இழுக்கச் சோர்ந்துகொண்டே வந்தது. காதுக்குப் பழக்கமான சத்தம்தான், ஆனால் அந்த வேனிலிருந்து அதுவரை கேட்டதில்லை. உள்ளே ஓடினேன்.

இடது சீட்டில் பழனியாத்தா. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, அதற்கு மேல் பெட்ஷீட், முகமெல்லாம் வேர்வை, ஒரு கை மார்பை அழுத்திக்கொண்டிருந்தது. லட்சுமணசாமி வால்வை டீசலுக்குத் திருப்பி வைத்திருந்தார். ஆனால் குழாயிலும் ஃபில்டரிலும் பம்பிலும் ராத்திரி முழுக்கக் கிடந்த எண்ணெய் கெட்டித்துப் போயிருந்தது. டீசல் அதைத் தள்ளிக்கொண்டு வர வழியில்லை. அவர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார்.

"ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பாக்கலாமுங்க" என்றேன்.

"இந்நேரத்துக்கு ஸ்டாண்டுல ஒண்ணுமில்ல பாய், பாத்துட்டுத்தான் வந்தேன். இதோ கெளம்பிரும், கெளம்பிரும்."

சந்திலிருந்த நாலைந்து பேரோடு சேர்ந்து நானும் தள்ளினேன். திருச்சி ரோட்டுக்கு வந்தும் தள்ளினோம். இஞ்சின் ஒரு முறை இருமி வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. பழனியாத்தாவே சீட்டிலிருந்தபடி, "பம்பு மேல சுடுதண்ணி ஊத்துங்க, எண்ணெய் எளகும்" என்றார். எதிர் டீக்கடையில் வாங்கி ஊற்றினோம். கை சுட்டது. நான் ஃபில்டரைக் கழற்ற ஆரம்பித்தேன். அத்தனை ஃபில்டர் விற்ற கைக்கு அந்த போல்ட் அசையவில்லை.

அப்போதுதான் பழனியாத்தா அதைச் சொன்னார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

"ஏனுங்க, நாந்தானுங்க. பாமாயில் கலந்துபோட்டேன். உங்ககிட்டச் சொல்லல. என்னாலதான் வண்டி நின்னுபோச்சு."

"பேசாத கண்ணு. நீ ஒண்ணும் பண்ணல" என்று லட்சுமணசாமி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒண்டிப்புதூர் பக்கமிருந்து பால் வேன் ஒன்று வந்தது. பாலகோபால் என்கிற டிரைவர், கேனை இறக்குகிற இடமெல்லாம் விட்டுவிட்டு, அவர்களை ஏற்றிக்கொண்டு பறந்தார். நான் அந்த வேனையும் கழற்ற வராத ஃபில்டரையும் பார்த்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றேன். ஆஸ்பத்திரி போகிற வழியில் ராமநாதபுரம் ஸ்டாப் தாண்டும் முன்னாலேயே பழனியாத்தாவின் உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம். செத்துப்போனவரைக் கொண்டுவந்த புருஷனிடம் அதைக் கேட்க எப்படித்தான் வாய் வருகிறதோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்று வண்டி தள்ளிய நாலைந்து பேர் வாயிலிருந்து பஸ் ஸ்டாண்டு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கடலெண்ணெய் என்று எழுதி வைத்துப் பாமாயிலில் சுட்டாள், அதே எண்ணெய் அவளைக் கொன்றுவிட்டது என்றார்கள். அவர் கையில் வருஷக்கணக்காகத் தின்றவர்கள்தான் சொன்னார்கள். கருமாதி அன்றைக்குச் சொந்தக்காரர் ஒருவர் பந்தலிலேயே அதைப் பேச, லட்சுமணசாமி எழுந்து நின்றார். "பாமாயில் எனக்கு முன்னாலயே தெரியும். அதுக்குத்தான் சூலூர்லயே வால்வைத் திருப்பிட்டிருந்தேன். அன்னைக்கு நான் திருப்பல. தப்பு என்னுது" என்றார். யாரும் நம்பவில்லை. பெண்டாட்டி பேரைக் காப்பாற்றுகிறார், பாவம் என்றார்கள். எனக்கே சந்தேகம் இருந்தது. அத்தனை வருஷம் மறக்காத மனுஷன் அன்றைக்கு மட்டும் எப்படித் திருப்பாமல் விட்டார்?

செவ்வந்திக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம்தான். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒரு நாள் லட்சுமணசாமி என் கடைக்கு வந்தார். எண்ணெய் டேங்கைக் கழற்றிவிடலாம் என்று வந்திருந்தார். பேரலில் பழனியாத்தா கடைசியாக ஊற்றிய எண்ணெய் இருந்தவரை வேன் அதில் ஓடியது. அது தீர்ந்துவிட்டது, இனி அந்த வாசனை இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நெசமாவே திருப்பலைங்களா?"

"இல்லைங் பாய். சூலூர் வரும்போது அவ நல்லாத் தூங்கிட்டா. காலு ரெண்டும் வால்வு மேல கெடந்துச்சு. திருப்போணும்னா அவளை எழுப்போணும். வருஷமெல்லாம் அடுப்புல நின்ன காலு, படி வேற ஏறியிருக்கறா, வாயத் தொறந்துட்டுக் கொழந்தையாட்டம் தூங்கறா. எழுப்ப மனசே வரல. நாளைக்குத்தான் லோடு இல்லையே, வெயில் ஏறுனா எண்ணெய் எளகிரும், அப்பக் கெளப்பிக்கலாம்னு ஊடு வரைக்கும் அப்படியே வந்துட்டேன். ஊட்டுல கைத்தாங்கலா எறக்கிட்டுப் போயிப் படுக்க வெச்சேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்காது.

"அதை அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லைங்க? தன்னாலன்னு நெனைச்சுட்டே போயிட்டாங்களே."

"பால் வேன்ல சொன்னனுங் பாய். பாமாயில் இல்ல கண்ணு, நாந்தான் வால்வைத் திருப்பலைன்னேன். 'ஏனுங்க திருப்பலை'ன்னு கேட்டா." அவர் ஆறிய டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "நீ தூங்கிட்டிருந்தே, அதனாலன்னு எப்படிங்க சொல்றது? தான் தூங்குனதுனாலதான்னு அதையும் தலைல போட்டுட்டுப் போவா. எதைச் சொன்னாலும் அவ மேலதான் உழுவுது. மறந்துபோட்டேன்னு சொன்னேன். 'நீங்களாவது மறக்கறதாவது, எனக்காவப் பொய் சொல்றீங்க'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா. அப்புறம் பேசவே இல்ல."

டேங்கைக் கழற்ற வந்தவர் கழற்றாமலே போனார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. அன்றிலிருந்துதான் பாமாயில் பேச்சை எடுப்பவர்களோடு நான் சண்டை போடுகிறேன். அவர் சொன்ன காரணத்தை மட்டும் வெளியில் சொன்னதில்லை. இப்போது அவரும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

அவர் இருந்தபோது, டேங்கைக் கழற்றாமல் போன அந்த நாளுக்கப்புறம் ஒரு முறை பல்லடத்திலிருந்து அவர் வேனில் திரும்பி வந்தேன். நல்ல வெயில். இடது சீட்டில் உட்கார்ந்தவன் காற்றுக்கு அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். தோளைத் தொட்டு யாரோ எழுப்பினார்கள். வேன் ரோட்டோரம் நின்றிருந்தது.

"எந்திரிங்க பாய். சூலூர் தாண்டிருச்சு. காலைக் கொஞ்சம் எடுத்துக்கங்க."

டேங்கில் எண்ணெய் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் காலை எடுத்துக்கொண்டேன். அவர் குனிந்து, டீசல் பக்கமே கிடந்த வால்வை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தார்.